வீடு முந்தியா, வீதி முந்தியா?

சென்னையின் தென்பாகத்தில் வசிக்கும் ஜனங்களிடையே சில வருஷங்களாக ஒரு கவலை பரவி வருகிறது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எந்தத் தெருவுக்குச் சென்றாலும் ஒரு பழைய வீட்டின் வாசலில் தகரத் தடுப்பு எழும்பியிருப்பதைக் காணலாம். வேப்பமரமும் கிணறும் இருந்த வீடு உள்ளே இடிபட்டுக் கிடக்கும். தடுப்பின்மேல், அங்கே எழப்போகும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வர்ணப் படம் தொங்கும். படத்தில் ஆகாயம் நீலமாக இருக்கும்; தெருவில் ஒரு வண்டிகூட இராது. அதைப் பார்த்து நிற்கும் அண்டை வீட்டாரோ படத்தில் இல்லாதவற்றையே எண்ணிப் பார்க்கிறார்கள். இத்தனை பேருக்கும் குடிநீர் எங்கிருந்து வரும்? சாக்கடை எங்கே போகும்? வண்டிகள் எங்கே நிற்கும்? தீப்பற்றினால் தீயணைக்கும் வண்டி எந்த வழியாக வரும்?

இக்கேள்விகளைக் கேட்பவர்களுக்கு இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. இவர்கள் வளர்ச்சிக்கு விரோதிகள், தாங்கள் சுகமாயிருந்தால் போதுமென்று கதவைத் தாழிட்டுக் கொள்பவர்கள் என்று ஒரு சாரார் ஏளனம் செய்கிறார்கள். பழைய பேட்டையில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கலாகாது, புதிதாக ஒருவரும் குடிவரலாகாது என்று மற்றொரு சாரார் வாதிக்கிறார்கள். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. ஆகவே இரண்டும் தவறு. ஜனங்களின் ஆக்ஷேபணை நியாயமானதே என்பது நம் அபிப்பிராயம். ஆனால் அந்த ஆக்ஷேபணை செல்ல வேண்டிய விலாசம் அடுத்த வீட்டுக்காரரின் வாசல் அன்று. அது எங்கே செல்ல வேண்டும் என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

ஒரு மனையின் கணக்கு

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை நிர்ணயிப்பது தளப்பரப்புக் குறியீடு என்னும் கணக்கு. மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம் என்பதே அதன் பொருள். சாதாரணக் கட்டடங்களுக்கு இது ஒன்றரை மடங்காக இருந்தது. 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை இரண்டு மடங்காக உயர்த்தின. மிக உயர்ந்த கட்டடங்களுக்கு இருந்த இரண்டரை மடங்கு மூன்றேகால் மடங்காயிற்று. இதற்கு மேலும் வேண்டுவோர் சர்க்காருக்குப் பணம் செலுத்தி, தெருவின் அகலத்திற்கு ஏற்றபடி நூற்றுக்கு 30 முதல் 50 பங்கு வரை அதிகமாகக் கட்டிக்கொள்ளலாம்.

நான்கு கிரவுண்டு மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 9,600 சதுர அடி. பழைய விதிப்படி அதில் 14,400 சதுர அடி கட்டலாம். புதிய விதிப்படி 19,200 சதுர அடி கட்டலாம். தெரு நாற்பதடி அகலமுள்ளதாயிருந்து, நூற்றுக்கு 40 பங்கு உரிமையை விலைகொடுத்து வாங்கினால் 26,880 சதுர அடி கட்டலாம். மாடிப்படிக்கும் நடைக்கும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்தில் பதினெட்டு இருபது குடும்பங்கள் வசிக்க இடமுண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காரும் ஒரு மோட்டார் சைக்கிளும் என்று வைத்துக்கொண்டால், காலை ஒன்பது மணிக்கு அந்த ஒரு வாசலிலிருந்து நாற்பது வண்டிகள் புறப்பட வேண்டும். ஒரே தெருவில் இப்படிப் பத்து மனைகள் மாறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமலே அறியலாம்.

கணக்கு காகிதத்தில் சரியாகவே இருக்கிறது. ஆனால் மனை இரண்டு மடங்காகி, இரண்டே முக்கால் மடங்காகிப் பெருகும்போது தெரு ஓர் அங்குலமும் பெருகுவதில்லை. தெருவின் கீழே கிடக்கும் குழாயும் பெருகுவதில்லை. சென்னையின் பாதாளச் சாக்கடை 1910இல் திட்டமிடப்பட்டபோது, 1961ஆம் வருஷத்தில் நகரத்தில் 6,60,000 பேர் இருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். அந்த வருஷத்து ஜனக்கணக்கு எடுத்தபோது இருந்தவர்களோ 17 லட்சத்துக்கு மேல். அந்த அமைப்பு பின்னர் பலமுறை விஸ்தரிக்கப்பட்டதென்பது உண்மையே. எனினும் மதிப்பீடு முன்னே நடந்து ஜனத்தொகை பின்னே வருவது இந்நகரத்தில் ஒருபோதும் நிகழ்ந்ததில்லை. ஜனத்தொகையே என்றும் முன்னே ஓடுகிறது. குழாய் மூச்சிரைக்கப் பின்னே வருகிறது. ஐப்பசி மழையில் சாக்கடை மூடிகள் பொங்கி வழியும் தெருக்களில் வசிப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இவையன்றி வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு துன்பமும் உண்டு. வண்டிகளை நிறுத்த நிலவறை தோண்டும்போது ஊற்றுநீர் மேலே வருகிறது. வேலை நடக்கும் மாதங்களெல்லாம் மோட்டார் வைத்து இரவும் பகலும் அதை இறைத்துத் தெருவில் விடுகிறார்கள். அண்டை வீட்டுக் கிணற்றில் நீர் கீழே போகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர்களில் விரிசல் காண்கிறது. கடலை ஒட்டிய பகுதிகளில் நல்ல நீர் விலகிய இடத்தை உப்பு நீர் பற்றிக்கொள்ளுமோ என்ற அச்சமும் கூடவே எழுகிறது. 2019 கோடையில் குடிநீர் லாரிக்காகக் குடங்களோடு காத்து நின்ற ஒரு நகரம், பூமியிலிருந்து இறைத்த நீரைச் சாக்கடையில் விட்டு வேடிக்கை பார்ப்பது எந்த விதத்திலும் விவேகமாகாது.

ஏரியில் எழுந்த நகரம்

இவ்விஷயத்தில் நாம் கற்க வேண்டிய முதற்பாடம் தியாகராய நகரின் சரித்திரத்திலேயே இருக்கிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்த பெரிய ஏரி ஒன்று இங்கே இருந்தது. படகுப் பந்தயம் நடத்தும் அளவுக்கு அதில் நீர் நின்ற காலமும் உண்டு. 1920ஆம் வருஷத்து நகரமைப்புச் சட்டம் பிறந்த பிறகு, 1923 முதல் அந்த ஏரியின் படுகையில் புதிய குடியிருப்பு அமைக்கப்பட்டது. அப்போது ஆட்சியிலிருந்தவர்கள் நீதிக்கட்சியார். சர் பி. தியாகராயச் செட்டியார் பெயரை நகருக்கும், பனகல் ராஜாவின் பெயரைப் பூங்காவுக்கும் இட்டார்கள். அக்கட்சியாரின் அரசியலோடு தேசியவாதிகளுக்கு இருந்த பிணக்கு உலகறிந்தது. ஆயினும் நல்ல வேலையை நல்லதென்று ஒப்புக்கொள்வதில் பிணக்குக்கு இடமில்லை.

அவர்கள் செய்த முறை யாது? நடுவே பூங்காவை வைத்தார்கள். அதை மையமாகக் கொண்டு அகன்ற சாலைகளை வகுத்தார்கள். குறுக்குத் தெருக்களை ஒழுங்காக அமைத்தார்கள். அதன்பின் மனைகளைப் பிரித்தார்கள். வீடுகள் கடைசியில் எழுந்தன. வீதி முந்தி, வீடு பிந்தி. ஒரு நூற்றாண்டுக்கு முன்னே அன்னிய ஆட்சியின் கீழ், அதிகாரம் சுருங்கிய ஒரு மந்திரிசபைக்குத் தோன்றிய இந்த எளிய முறை இன்று தலைகீழாகிவிட்டது. வீடு முதலில் எழுகிறது. வீதியைப் பற்றிய யோசனை பிறகு வருகிறது, அல்லது வருவதேயில்லை.

அவர்கள் செய்ததில் குற்றமே இல்லையென்று சொல்ல மாட்டோம். ஏரி போயிற்று, ஏரியின் நீர் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்றும், நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் சாலை என்றும் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. பார்ப்பதற்கு ஏரியும் இல்லை, நடப்பதற்குக் கரையும் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஏரி தன் பழைய இடத்தை நினைத்துக்கொண்டு திரும்பி வருகிறது. வள்ளுவர் கோட்டத்துப் பக்கத்தில் தொடங்கித் தியாகராய நகரின் வழியே நந்தனத்தருகில் அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய்தான் இந்த நீருக்கு மிஞ்சிய வடிகால். 2021 நவம்பரில் தியாகராய நகரின் கடைவீதிகளும் குடியிருப்புகளும் நாட்கணக்கில் நீரில் நின்றபோது, அந்தக் கால்வாயின் கதி என்னவென்பதை நகரம் முழுவதும் கண்டது.

ஆகவே இப்பகுதியில் ஒரு மனை முழுவதையும் சிமெண்டால் மூடுவதென்பது அந்த மனைக்காரரின் சொந்த விஷயமாக இருக்க முடியாது. பழைய வீட்டின் கொல்லை ஒரு மழையைக் குடித்தது. புதிய கட்டடத்தின் முற்றம் அதே மழையைத் தெருவுக்குத் தள்ளுகிறது. மழைநீர்த் தொட்டி ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்க வேண்டுமென்ற கட்டளை 2003இலேயே பிறந்தது. அநேக இடங்களில் அது வரைபடத்தில் இருக்கிறது. வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பவர்தான் இல்லை.

மயிலையும் அடையாறும்

தியாகராய நகர் திட்டமிட்டு அமைந்த ஊர். மயிலாப்பூரோ கோயிலைச் சுற்றித் தானே வளர்ந்த ஊர். கபாலீசுவரர் கோயிலும் தெப்பக்குளமும் நான்கு மாடவீதிகளும் அதன் உயிர்நிலைகள். பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று அவ்வீதிகளில் வந்து கூடும் ஜனசமுத்திரத்தைக் கண்டவர்கள், அவ்வீதிகள் எதற்காக ஏற்பட்டவை என்பதை அறிவார்கள். தேர் திரும்புவதற்காக வகுத்த மூலைகளில் இன்று லாரி திரும்ப முடியாமல் தவிக்கிறது. அந்த மாடவீதிகளிலிருந்து பிரியும் சந்துகளில் இரண்டு கட்டும் முற்றமும் கொண்டு நீளவாக்கில் அமைந்த வீடுகள் இருந்தன. அவற்றில் ஒன்று போய் நான்கு மாடி எழும்பினால், இருபுறத்து வீடுகளுக்கும் வெளிச்சமும் காற்றும் அடைபடுகின்றன. இங்கே கேள்வி உயரத்தைப் பற்றியது மட்டுமன்று. ஊரின் வடிவத்தைப் பற்றியது.

அடையாற்றின் பிரச்சினை வேறு. காந்தி நகர், கஸ்தூரிபா நகர் போன்ற குடியிருப்புகள் ஆற்றின் அருகே, தோட்டத்துடன் கூடிய தனி வீடுகளுக்காக அமைந்தவை. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்து விடப்பட்டு, அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரத்தில் கீழ்த்தளங்கள் மூழ்கின. மாடியில் இருந்தவர்கள் படகு வரும் வழி பார்த்து நின்றார்கள். ஆற்றின் கரையில் எத்தனை பேரைக் குடியேற்றலாம், வெள்ளம் வந்தால் அத்தனை பேரையும் எந்த வழியாக வெளியேற்றுவது என்ற கேள்விகளைக் கேட்காமல் ஒரு மாடியை அனுமதிப்பதும் அந்த நாட்களை மறப்பதற்கு ஒப்பாகும்.

மறுபக்கத்து நியாயம்

நிற்க. இவ்வளவையும் சொன்னபின், மறுபக்கத்து நியாயத்தையும் நேர்மையாக எடுத்துரைப்பது நம் கடமை. 1941இல் சென்னையின் ஜனத்தொகை எட்டு லட்சத்துக்கும் குறைவு. 2011இல், பழைய எல்லைக்குள் மட்டும் 46 லட்சத்துக்கு மேல். அதே வருஷத்தில் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வேலை தேடியும் படிப்புக்காகவும் வைத்தியத்துக்காகவும் வருகிறவர்கள் எங்கேனும் வசித்தாக வேண்டும். மயிலையிலும் மாம்பலத்திலும் இடமில்லை என்றால் அவர்கள் ஊருக்கு வெளியே போவார்கள்; அங்கே ஏரியும் வயலும் மனையாகும். வேளச்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் பட்ட பாடு நம் கண்முன் நிற்கிறது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் பள்ளிக்கரணை ஏற்கப்படும்முன், அதன் பெரும்பகுதி ஏற்கெனவே மறைந்துவிட்டது. நகரத்தின் நடுவே நெருக்கம் கூடாதென்று தடுத்து, நகரத்தின் ஓரத்தில் ஏரிகளை அழிப்பது லாபமாகாது. மெட்ரோ ரயில் மயிலாப்பூர், பனகல் பூங்கா, அடையாறு வழியாகப் பூமிக்கடியில் அமைகிறது. அதற்கு இத்தனை பொருளைச் செலவிட்டபின், அதன் நிலையங்களைச் சுற்றிச் சிலர் மட்டுமே வசிக்கலாம் என்று சொல்வதும் பொருந்தாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று அண்டை வீட்டு மாடியை எதிர்த்துக் கையெழுத்திடும் கனவான், நாளை தம் பிள்ளைகள் பாகம் கேட்கும்போது தம் வீட்டையும் கட்டடக் கம்பெனியிடம் ஒப்படைக்கிறார். அதில் குற்றமில்லை. நான்கு பேருக்கு ஒரு வீட்டைப் பிரிப்பதற்கு வேறு வழி அவருக்கில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் கட்டிய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் கம்பி துருப்பிடித்துக் கூரை பெயர்ந்து விழுகிறது. அவற்றை இடித்துக் கட்டாமல் இருக்கவும் முடியாது. 2024இல் அமுலுக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கலாம் என்று வழி திறந்திருக்கிறது. ஆகவே இடிப்பும் கட்டுமானமும் இனிப் பெருகுமேயன்றிக் குறையப் போவதில்லை.

அதோடு, இப்பேட்டைகளில் வீட்டுவேலை செய்பவர்களும் பூ விற்பவர்களும் காவல் காப்பவர்களும் எங்கே வசிக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் இருந்த குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் பலர், விடியுமுன் பஸ் ஏறி இங்கே வேலைக்கு வருகிறார்கள். நெருக்கத்தைப் பற்றிப் பேசும்போது, ஏழைகளை நெருக்கமான கட்டடங்களில் ஊருக்கு வெளியே அடைத்தபோது இந்நகரத்தின் படித்தவர்கள் எத்தனை பேர் ஆக்ஷேபணை எழுப்பினார்கள் என்ற கேள்வியையும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நெருக்கமாக வாழ்வதே கேடு என்பதும் உண்மையன்று. நம்மவர் பலர் குடியேறி வாழும் சிங்கப்பூரில், 1960இல் ஏற்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் உயர்ந்த அடுக்குமாடிகளைக் கட்டியது. அந்நாட்டு ஜனங்களில் பெரும்பாலோர் அவற்றிலேயே வசிக்கிறார்கள். வீட்டோடு பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் பஸ் நிலையமும் விளையாட்டு மைதானமும் சேர்த்தே அங்கே திட்டமிடப்பட்டன. அது சிறிய தேசம், நிலத்தில் பெரும்பகுதி அரசாங்கத்துக்குச் சொந்தம், அதனால் நமக்கு அப்படியே பொருந்தாது என்பது மெய்தான். ஆயினும் அங்கே மாடி எழுந்த அளவுக்கு வசதியும் எழுந்தது என்பதில் நமக்குப் பாடம் உண்டு.

குற்றம் எங்கே?

அப்படியானால் குற்றம் எங்கேயிருக்கிறது? நம் நகரத்தில் அனுமதி ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியே கொடுக்கப்படுகிறது. பாரமோ தெரு முழுவதன்மேலும் சேர்ந்து விழுகிறது. அதிகாரி தம் மேஜைமேல் உள்ள ஒரு வரைபடத்தைப் பார்க்கிறார். பக்கத்து இடைவெளி சரி, உயரம் சரி, வண்டி நிறுத்துமிடம் சரி என்று குறியிடுகிறார். அதே தெருவில் அந்த வருஷத்தில் அது எத்தனையாவது கட்டடம், எல்லாம் சேர்ந்தால் குழாய் தாங்குமா என்று பார்க்கும் பொறுப்பு அந்த மேஜைக்கு இல்லை. ஒவ்வொரு கட்டடமும் விதிப்படி சரியாக இருந்து, தெரு மட்டும் நாசமாவது இதனால்தான்.

இதற்கு ஓர் உதாரணம் போதும். பெரிய மனைகளில் கட்டுவோர் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொதுவெளிக்காக விடவேண்டும் என்பது விதி. ஆனால் 3,000 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளுக்கு அவ்விதி இல்லை. அதாவது சுமார் பதின்மூன்று கிரவுண்டுக்குக் கீழே எதுவும் விடவேண்டியதில்லை. தியாகராய நகரிலும் மயிலையிலும் மனைகள் இரண்டும் நான்கும் ஆறுமான கிரவுண்டுகளே. ஆகவே நூறு வீடுகள் இடிந்து நூறு அடுக்குமாடிகள் எழுந்து, ஆயிரக்கணக்கான புதிய குடும்பங்கள் வந்தாலும், குழந்தைகள் விளையாட ஒரு சதுர அடி புதிய பூங்காகூட விதிப்படி தோன்றாது. பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் அன்றைய ஜனத்தொகைக்காக அமைந்தவை. இன்றைய ஜனத்தொகையும் அவற்றிலேயே நடக்க வேண்டும்.

பணத்தின் கதையும் இப்படியே. அதிகத் தளப்பரப்புக்காகவும் பொது வசதிகளுக்காகவும் கட்டுவோரிடம் கட்டணம் வாங்குகிறார்கள். அது மாகாணப் பொது நிதிகளில் போய்ச் சேருகிறது. எந்தத் தெருவின் பாரத்தை விற்றுப் பணம் பெற்றார்களோ, அந்தத் தெருவுக்கே அப்பணம் திரும்பிவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மயிலையின் மூச்சுத்திணறலை விற்று வேறோர் ஊரில் பாலம் கட்டினால் அந்தப் பாலம் நல்லதாயிருக்கலாம். மயிலைக்கு நியாயம் ஆகாது.

சட்டத்தை மதித்தவன் கதி

ஜனங்களின் அவநம்பிக்கைக்கு வேறொரு காரணமும் உண்டு. சென்னையின் முதல் பெருந்திட்டம் 1975இல் அமுலுக்கு வந்தது. இரண்டாவது 2008இல் வந்தது. இடையே நிகழ்ந்தது என்ன? விதியை மீறிக் கட்டடங்கள் எழுந்தன. 1998இல், பணம் வாங்கிக்கொண்டு அவற்றை முறைப்படுத்தச் சட்டம் செய்தார்கள். 2000இல் சுப்ரீம் கோர்ட்டார், சர்க்கார் விருப்பப்படி விலக்களித்ததைக் கண்டித்து, முறைப்படுத்துவது ஒருமுறை மட்டுமே என்ற அளவில் இச்சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பின்னும் கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட்டார் அந்த நீட்டிப்புகளைச் செல்லாவென்று தள்ளினார்கள். பிறகும், 2007 ஜூலைக்கு முன் எழுந்த கட்டடங்களுக்கென்று 2012இல் மற்றொரு பிரிவு சட்டத்தில் சேர்ந்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு மாடியோடு நின்றவன் ஏமாளியானான். மீறியவன் கட்டணம் செலுத்திக் கனவானானான்.

இதன் விலையை உயிரால் கொடுத்த சம்பவங்களும் இருக்கின்றன. 2014 ஜூன் 28ஆம் தேதி போரூரையடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடிந்துகொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்தவர்கள். 2017 மே 31ஆம் தேதி தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை தீப்பற்றி, ஒரு நாளுக்கு மேல் எரிந்து, பகுதி இடிந்து விழுந்தது. மிச்சத்தை இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. தீப்பிடித்தது விடியற்காலையாகையால் பெரும் உயிர்ச்சேதம் தப்பியது. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலையில் நிகழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவும் மனம் நடுங்குகிறது. ஆகவே, தெருவின் அகலத்தைப் பற்றிக் கவலைப்படும் கிழவரை நோக்கிச் சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துச் சிரிக்கட்டும்.

செய்ய வேண்டுவன

மூன்றாவது பெருந்திட்டம் 2026 முதல் 2046 வரையிலான இருபது வருஷங்களுக்காக வகுக்கப்படுவது. அதையொட்டிச் சில காரியங்களைச் சர்க்காரும் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் கார்ப்பரேஷனும் செய்தாக வேண்டும்.

முதலாவது, மனைக்கு அனுமதி கொடுக்குமுன் தெருவுக்கு அளவு காண வேண்டும். எந்தத் தெருவின் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் வடிகாலும் எத்தனை குடும்பங்களைத் தாங்கும் என்பதை எழுதி, ஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அந்த அளவு நிரம்பினால், குழாயைப் பெரிதாக்கிய பிறகே அடுத்த அனுமதி.

இரண்டாவது, அதிகத் தளப்பரப்புக்கு வாங்கும் பணத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு அதே வார்டில் செலவாக வேண்டும். சிறு மனைக்காரரும் பொதுவெளிக்காக ஒரு சிறு தொகை கொடுக்கட்டும். பலருடைய தொகையைச் சேர்த்து அந்தப் பேட்டையிலேயே ஒரு மனையை வாங்கிக் குழந்தைகளுக்கு விடட்டும்.

மூன்றாவது, கட்டடம் எழுமுன் அண்டை அயலாருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்பதென்றால் எல்லோருக்கும் தடைசெய்யும் உரிமை தருவதென்று அர்த்தமன்று. நிலவறை தோண்டுவதால் சுவர் வெடிக்குமா, மழைநீர் எங்கே போகும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குவதே கருத்து. 2016 முதல் 2022 வரையில் சென்னைக் கார்ப்பரேஷனுக்குத் தேர்தலில் வந்த அங்கத்தினர்களே இல்லை. 2019 விதிகள் பிறந்ததும் அந்தக் காலத்திலேயே. தெருவைத் தெரிந்த ஒரு பிரதிநிதிகூட இல்லாத நேரத்தில் தெருவின் தலையெழுத்து மாறியது. 2022இல் வார்டு கமிட்டிகளுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. அச்சபைகளுக்குக் குப்பையையும் தெருவிளக்கையும் பற்றிப் பேசும் உரிமையோடு, தங்கள் பேட்டையின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும் உரிமையும் வேண்டும்.

நான்காவது, இனி முறைப்படுத்தல் என்ற சொல்லையே அகராதியிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஐந்தாவது, நகரத்தின் நடுவே அதிகமாகக் கட்ட இடம் கொடுக்கும்போது, அங்கே உழைப்பவர்களும் வாடகை கொடுத்து வசிக்கக்கூடிய சிறு வீடுகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். நெருக்கம் வேண்டுமென்று சொல்பவர்கள், கார்களின் நெருக்கத்தை மட்டும் பெற்று மனிதர்களை வெளியே நிறுத்தினால், அந்த நெருக்கத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

குடியிருப்போர் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர் மட்டும் இருக்கிறார்களா, வாடகைக்கு இருப்பவரும் உண்டா? தெருமுனையில் காய்கறி விற்பவளின் சொல்லும் அங்கே கேட்கப்படுகிறதா? உங்கள் வீட்டு மழைநீர்த் தொட்டி சுத்தமாயிருக்கிறதா? உங்கள் கார் தெருவில் நிற்கிறதா, வாசலுக்குள் நிற்கிறதா? புதிதாக வருபவரைத் தடுப்பதற்கென்று கூடும் சங்கம் அந்தக் கட்டடம் முடிந்ததும் கலைந்துவிடும். தெருவைக் காப்பதற்கென்று கூடும் சங்கமோ, புதிதாக வருபவரையும் அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டு பலம் பெறும். எதிர்க்க வேண்டியது இருபது குடும்பங்களை அன்று. இருபது குடும்பங்களை ஒரு குடும்பத்தின் குழாயில் பூட்டிவைக்கும் முறையையே.

நூறு வருஷத்துக்கு முன் ஓர் ஏரியின் படுகையில் நின்றவர்கள், இங்கே யார் யார் வசிப்பார்கள் என்பதை அறியார்கள். ஆனால் வருகிறவர்கள் நடப்பதற்குச் சாலையும், மாலையில் உட்காருவதற்குப் பூங்காவும் வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். நமக்கோ ஏரியின் குணமும் தெரியும், ஆற்றின் குணமும் தெரியும், ஜனத்தொகையும் தெரியும். அவர்களுக்கு இருந்ததைவிட அதிக அதிகாரமும் சொந்த சர்க்காரும் இருக்கின்றன. சுயராஜ்யம் என்பது டில்லியிலும் கோட்டையிலும் மட்டும் நடப்பதன்று. தன் தெருவில் என்ன எழப்போகிறது என்று கேட்கும் ஒரு பிரஜைக்கு, அது எழுமுன் பதில் கிடைப்பதும் சுயராஜ்யமே. அந்தப் பதிலைக் கொடுக்கும் கடமையைச் சர்க்கார் தட்டிக் கழிக்கக் கூடாது. அதைக் கேட்கும் கடமையை ஜனங்களும் கைவிடக் கூடாது.